குழாய்க் கம்பி வெல்டிங்: எந்த வாயுவை வாங்குவது?

மருதானை டெக்னிக்கல் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கிப் பஞ்சிகாவத்தைப் பக்கம் நடந்தால், வாகன உதிரிப்பாகக் கடைகளும் அவற்றை அண்டிய பட்டறைகளும் வரிசையாக வரும். சந்திக்குப் பெயர் தந்த தொழில்நுட்பக் கல்லூரி 1893 இல் தொடங்கப்பட்டது. காணியை இழந்து இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இப்பகுதியில் வெல்டிங் பழகுகின்றனர். ஊரில் ஒரு பட்டறை போட வேண்டும் என்பதே அவர்களின் எண்ணம். மெஷினின் விலையை எல்லாரும் விசாரிக்கின்றனர்; சிலிண்டரில் எந்த வாயு என்று விசாரிப்பவர் குறைவு. மாதாமாதம் காசு கரைவது அதிலேயே. உழவு இயந்திரப் பெட்டியின் கொழுவி நடுவீதியில் கழன்று போவதற்கும் அதுவே காரணமாகலாம்.

வெல்டிங் குச்சிக்கு மருந்து வெளியே பூசப்பட்டிருக்கும். நாம் இங்கு பேசும் கம்பி மெல்லிய குழாய் போன்றது. மருந்துத் தூள் அதன் உள்ளே இருக்கும். கம்பி சுருளிலிருந்து தானாக வந்துகொண்டிருப்பதால் குச்சி மாற்ற நிறுத்த வேண்டியதில்லை. 1950களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த முறை இது. இன்று உலகின் கப்பல் கட்டும் தளங்களில் பெருவழக்கு.

உருகிய இரும்பில் காற்றுப் பட்டால், காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் அதனுள் புகுந்து ஊசித்துளைகளை உண்டாக்கும். இணைப்பு நொறுங்கும் தன்மை பெறும். அதைத் தடுக்கவே மேலே ஒரு வாயுப் போர்வை. இதற்குப் பயன்படுபவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று தனிக் காபனீரொட்சைட்டு, பட்டறைகளில் சீ.ஓ.ரூ என்பர். மற்றையது ஆகன் 75 முதல் 80 வீதமும் மீதி காபனீரொட்சைட்டும் சேர்ந்த கலப்பு.

கலப்பு வாயுவில் சுடர் அமைதியாக எரியும். தெறிப்புக் குறைவு, புகையும் குறைவு, பார்வைக்கும் அழகு. தனிக் காபனீரொட்சைட்டில் தெறிப்பு அதிகம். ஆனால் தடித்த இரும்பில் ஆழமாக உருக்கிப் பிடிக்கும், விலையும் குறைவு. கலப்பை, பெட்டிச் சட்டம், தண்ணீர்த் தாங்கிக் கால் என்று வேலை செய்யும் ஊர்ப் பட்டறைக்கு இதுவே போதும் என்பது எமது கருத்து. கொழும்பில் அழகு பார்த்து வாங்குவோர் கலப்பு வாயுவுக்குக் காசு தருவர். கொழுவியைச் சரிசெய்ய வரும் கமக்காரர் அந்த அழகுக்கு மேலதிகமாகத் தரமாட்டார்.

ஆனால் முதலில் கம்பிச் சுருளின் பெட்டியைப் படியுங்கள். ஈ71ரி-1சி என்று இருந்தால், கடைசியிலுள்ள 'சி' காபனீரொட்சைட்டைக் குறிக்கும். 'எம்' என்றிருந்தால் கலப்பு வாயு. காபனீரொட்சைட்டு சுடரின் வெப்பத்தில் பிரிந்து, கம்பியிலுள்ள மங்கனீசு, சிலிக்கன் ஆகியவற்றில் ஒரு பகுதியை எரித்துவிடும். அந்த இழப்பைக் கணக்கிட்டே 'சி' கம்பியைச் செய்கிறார்கள். அதைக் கலப்பு வாயுவில் ஓட்டினால் இணைப்பு வேண்டியதைவிடக் கடினமாகும். 'எம்' கம்பியைக் காபனீரொட்சைட்டில் ஓட்டினால் பலம் குறையும். இரண்டுக்கும் ஏற்ற கம்பிகளும் உண்டு. அதுவும் பெட்டியில் எழுதப்பட்டிருக்கும். துருப்பிடிக்காத உருக்கில் கைபிடி செய்பவரிடம் தனி ஆகன் சிலிண்டரை இரவல் வாங்கி இந்தக் கம்பியை ஓட்டவே கூடாது. சுடர் நிலைக்காது, இரும்பும் சரியாகப் பிடிக்காது.

வயல்வெளியில் கதை வேறு. மணிக்கு எட்டுக் கிலோமீற்றர் வேகக் காற்றே வாயுப் போர்வையைக் கலைக்கப் போதும். அங்கே வாயுவைக் கூட்டித் திறந்துவிடுவது வீண். கூடிப்போன வேகத்தில் வாயுவே சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். மறைப்புக் கட்டுங்கள், அல்லது வாயு தேவைப்படாத கம்பியைப் பாவியுங்கள். இக்கம்பி தன் மருந்திலிருந்தே போர்வையை உண்டாக்கிக்கொள்ளும். சிறு மெஷின்களில் வரும் இவ்வகைக் கம்பியை அநேகமாக எதிர்முனையில் இணைக்க வேண்டும்; வாயுக் கம்பிக்கு நேர்முனை. இதை மாற்ற மறந்துவிட்டுக் கம்பி கூடாது என்று திட்டுவோர் பலர். புகையும் இதில் கூட. வாயு தேவைப்படாத கம்பிகள் எல்லாம் ஒரே தரமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1994 ஜனவரி 17 இல் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நில அதிர்வு ஏற்பட்டபோது, உருக்குக் கட்டடங்கள் பலவற்றில் தூணும் வளையும் சேரும் இணைப்புகள் வெடித்திருந்தன. அதிர்ச்சியைத் தாங்கும் தன்மை குறைந்த இவ்வகைக் கம்பி ஒன்று அவற்றில் பரவலாகப் பாவிக்கப்பட்டிருந்தது. அது ஒரு காரணம் எனப் பின்னர் கண்டார்கள்.

காபனீரொட்சைட்டும் ஆகனும் காற்றைவிடப் பாரமானவை. பவுசர் தாங்கியினுள்ளோ குழியிலோ வேலை செய்தால் அடியில் தங்கி மூச்சை அடைக்கும். மணம் இல்லை, நிறம் இல்லை. வெளியே ஒருவர் நிற்காமல் உள்ளே இறங்க வேண்டாம்.

தூரத்தில் பட்டறை போடுவோருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. காபனீரொட்சைட்டு சிலிண்டரில் திரவமாக இருப்பதால் நிறைய அடங்கும். ஒரு கிலோ ஏறத்தாழ 540 லீற்றர் வாயு தரும். நிமிடத்துக்கு 18 லீற்றர் விட்டால் அரை மணி நேரச் சுடர். 20 கிலோவுக்குப் பத்து மணி நேரம். கலப்பு வாயு திரவமாவதில்லை. 47 லீற்றர் சிலிண்டரில் 150 பார் அமுக்கத்தில் நிரப்பினாலும் ஆறரை மணி நேரம்தான். கொழும்பிலிருந்து லொறிக் கூலி கொடுப்பவருக்கு இது சின்ன விடயமல்ல.

கலப்பு வாயுவின் மானி குறையக் குறைய எவ்வளவு மீதி என்று தெரியும். காபனீரொட்சைட்டின் மானியோ, திரவம் தீரும்வரை ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். வெயில் பட்டால் ஏறும். ஆகவே நிழலில், நிமிர்த்திச் சங்கிலியால் கட்டி வையுங்கள். மீதியை அறிய நெல் நிறுக்கும் தராசே போதும். வெற்றுச் சிலிண்டரின் நிறை அதன் தோள்பட்டையில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கழித்துப் பாருங்கள். சிலிண்டரை நிரப்பி எடுக்கும் அன்றும், கடைக்காரர் முன்னிலையிலேயே, இப்படி நிறுத்து எடுங்கள்.