சோம்பேறி என்று சொன்னது யார்?

“கம்பத்து ஆளுங்க சோம்பேறிங்கடா” என்று மலாய்க் கிராமத்தாரைப் பற்றி என் பாட்டி அடிக்கடி சொல்வார். பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே மரம் சீவிக் கிழவியானவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கோடு நிரைக்குள் நுழைவார். பட்டையில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பைக்குள் போட்டுவிட்டு, கத்தியை ஒரே இழுப்பாக இழுப்பார். பால் மெல்லக் கசிந்து மங்கில் சொட்டும். அப்படி உழைத்தவர் சொன்னதால் நானும் நம்பினேன்.

பிறகு சமூகவியல் படித்தேன். மார்க்ஸ், வெபர், துர்கைம் என்று மூன்று ஆண்டுகள் ஐரோப்பாவிலேயே குடியிருந்தோம். சமூகங்கள் எழுவதையும் விழுவதையும் 1377-லேயே ஆராய்ந்து எழுதிய துனீசியாக்காரர் இப்னு கல்தூனுக்குப் பாடத்தில் அரைப் பக்கம்கூட இல்லை.

சைட் ஹுசைன் அலாத்தாஸை நானாகத்தான் தேடிப் படித்தேன். பொகோரில் பிறந்து, ஆம்ஸ்டர்டாமில் படித்து, சிங்கப்பூரில் மலாய் ஆய்வுத் துறைக்குத் தலைவராக இருந்தவர். மலாய்க்காரர், ஜாவானியர், பிலிப்பினோக்கள் சோம்பேறிகள் என்ற கதை எப்படி உருவானது என்று 1977-இல் ஒரு நூலே எழுதினார். பிலிப்பைன்ஸின் ஹொசே ரிசால் 1890-இலேயே இதே பழியை எதிர்த்து எழுதியிருந்தார். அலாத்தாஸ் அவரை மறக்கவில்லை.

அலாத்தாஸ் சொல்வது எளிமையானது. மலாய்க்காரர் நெல் விளைவித்தார், மீன் பிடித்தார். சொந்த வயலை விட்டுவிட்டு வெள்ளைக்காரனின் சுரங்கத்திலும் தோட்டத்திலும் சொற்பக் கூலிக்குச் சாக அவர் மறுத்தார். அந்த மறுப்புக்குத்தான் துரைமார் சோம்பல் என்று பெயர் வைத்தார்கள். பாட்டியின் வாய்க்கு அந்தச் சொல் பங்களாவிலிருந்துதான் இறங்கி வந்திருக்கும் என்று அன்று எனக்குப் பட்டது.

மேற்கத்தியச் சிந்தனையை அப்படியே விழுங்கி, தன் ஊரின் கேள்வியைத் தானே கேட்க முடியாமல் போகும் அறிவாளியை அலாத்தாஸ் ‘சிறைப்பட்ட மனம்’ என்றார். மேற்கிலிருந்து எதையும் கற்காதே என்று அவர் சொல்லவில்லை. வெபரை அவரே ஆழ்ந்து படித்தவர். ஆனால் பார்க்கும் கண் நம்முடையதாக இருக்க வேண்டும் என்றார்.

விடுமுறைக்கு வந்தபோது இதையெல்லாம் பாட்டிக்கு விளக்கினேன். வெற்றிலையை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவன் வரமாட்டேன்னுட்டான். அதனாலதான் நம்மளக் கப்பல்ல ஏத்துனானா?”

ஆமாம் பாட்டி என்றேன். வெற்றிலை கையிலேயே இருந்தது.