இது வீடா... புதுப்பேட்டையா?

நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்த அப்பா, குவார்ட்டர்ஸ் வராண்டாவில் கிடந்த வீல் ரிம்மில் கால் இடறிக் கேட்ட கேள்விதான் தலைப்பு. பதில் சொல்ல வேண்டியவன் என் நண்பன். சென்னை புதுப்பேட்டை தெரியும்ல? பழைய வண்டிகளைப் பிரிச்சு பார்ட் பார்ட்டா விற்கிற பேட்டை. நெய்வேலி டவுன்ஷிப்பில் அதுக்கு ஒரு குட்டிக் கிளை!

ஃபெராரி எல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது பாஸ். மாருதி 800தான் எங்க ஸ்போர்ட்ஸ் கார். சிரிக்காதீங்க! மாருதி இன்ஜினை வச்சுத்தான் கோவை கரிவரதன் 'ஃபார்முலா மாருதி' ரேஸ் கார்களை உருவாக்கினார். 2005-ல் ஃபார்முலா ஒன் போன நரேன் கார்த்திகேயன், ஆரம்பத்தில் ஓட்டியது அதைத்தான்.

நண்பன் 12 இஞ்ச் ரிம்மைக் கழற்றி 13 இஞ்ச் அலாய் மாட்டினான். சைலன்சர், முன் சீட்னு வரிசையா மாறிச்சு. மிச்சமெல்லாம் வராண்டாவில்.

விற்கப் போனால்தான் உலகம் புரியுது. காயலாங்கடைக்காரர் தராசைத்தான் பார்க்கிறார். அவருக்கு ரிம்மும் இரும்பு, ஓட்டை வாளியும் இரும்பு. மந்தாரக்குப்பம் மெக்கானிக் அண்ணன் பரவாயில்லை. "800 உற்பத்தி 2014-லயே நின்னுடுச்சு தம்பி, ஒரிஜினலுக்கு ஆள் வரும்"னார். ஆனா ரிம்முக்கு விலை படியலை, திரும்பத் தூக்கிட்டு வந்தோம். சீட்டை ஒரு டிரைவிங் ஸ்கூல்காரர் மறுபேச்சில்லாம வாங்கிட்டார். சைலன்சரும் போச்சு. அன்னிக்கு பரோட்டா ட்ரீட்!

அப்புறம்தான் இடி. வண்டிக்கு 15 வயசு முடியப் போகுது. ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டணும். கம்பெனி தந்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாதுன்னு 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில், இல்லைன்னா ரெண்டும். தெருவையே எழுப்பிவிடுற புது சைலன்சரோட எப்படிப் போறது?

பழசைத் தேடினால், அது பண்ருட்டியில் வேறொரு 800-க்கு அடியில் ஜம்முனு ஓடிட்டிருக்கு. கெஞ்சியும் அவர் தரலை. விற்ற விலையைப் போல ரெண்டு மடங்கு கொடுத்து இன்னொண்ணு வாங்கினான். எங்கேன்னு நினைக்கிறீங்க? சாட்சாத் புதுப்பேட்டையிலேயே!

என்னைக் கேட்டால், சீட்டை விற்கலாம், சைலன்சரை வண்டி இருக்கிற வரை தொடாதீங்க. தேய்ஞ்ச பிரேக் சாமான், பழைய சீட் பெல்ட் காசுக்கும் வேண்டாம், அது இன்னொருத்தர் உயிர். எதை விற்றாலும் வண்டி நம்பர் போட்டு ஒரு சீட்டு எழுதிக்கோங்க. திருட்டு சாமான்னு யாராவது கிளப்பினால் கையில் ஏதாவது இருக்கணுமே!

விலை படியாத ரிம்கள்தான் இப்போ வண்டியில் ஓடுது. கழற்றின அலாய் நாலும் வராண்டாவில். அதில் ரெண்டு மேல அவங்க அம்மா செம்பருத்தித் தொட்டி வச்சுட்டாங்க.