உருவிய ரவையும் உறங்காத வெடிமருந்தும்

வேட்டையும் குறிபார்த்துச் சுடுதலும் பொழுதுபோக்காக விளங்கும் அமெரிக்காவில், துப்பாக்கி உரிமையாளர்கள் பலர் தமக்குத் தேவையான தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்கின்றனர். பித்தளைக் கோது, எரியூட்டும் மூடி, வெடிமருந்து, முனையில் அமையும் ரவை ஆகிய நான்குமே ஒரு தோட்டாவின் உறுப்புகளாகும். இவற்றுள், சுட்ட பின்னர் மீண்டும் பயன்படக்கூடியது கோது மட்டுமே. ஏனையவற்றை விலை கொடுத்தே வாங்க வேண்டும். அச்செலவைக் குறைப்பதற்காகவே 'உருவிய ரவைகள்' சந்தைக்கு வருகின்றன. இராணுவக் களஞ்சியங்களிலிருந்து கழிக்கப்பட்ட தோட்டாக்களைச் சுடாமலேயே பிரித்து, அவற்றிலிருந்து கழற்றியெடுக்கப்படுபவையே இவற்றுட் பெரும்பாலானவை.

இவ்வாறான ரவைகள் பயனற்றவை அல்ல. எனினும், புதியவற்றுக்கு நிகரானவையும் அல்ல. கழற்றும் கருவியின் பிடி ரவையின் உறையில் வடுவை ஏற்படுத்தலாம். குறி தவறுவதற்கு அதுவே போதுமானது. வெவ்வேறு தொழிற்சாலைகளின் உற்பத்திகள் ஒரே பொதியில் கலந்திருக்கவும் கூடும். வடிவிலும் நிறையிலும் மாறுபடும் ரவைகளுக்கு ஒரே அளவு மருந்து பொருந்தாது. துப்பாக்கியினுள் அழுத்தம் எல்லை மீறும் ஆபத்துண்டு. இராணுவ ரவைகளுள் ஒளிச்சுவடு காட்டுவனவும் தீமூட்டுவனவும் உள்ளன. அவை காய்ந்த புல்வெளியை எரிக்க வல்லவை. எனவே, ஒவ்வொன்றையும் நிறுத்துத் தரம்பிரித்து, சேதமுற்றவற்றை ஒதுக்கி, எஞ்சியவற்றைச் சாதாரண பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்துவதே விவேகமாகும்.

ரவை வெறும் உலோகம். ஆண்டுகள் பல கடந்தாலும் அது பெரிதாக மாறுவதில்லை. வெடிமருந்தின் நிலை அவ்வாறானதன்று. புகையற்ற வெடிமருந்தின் மூலப்பொருளான நைத்திரோசெலுலோசு காலப்போக்கில் தானாகவே சிதைவடைகின்றது. அச்சிதைவைக் கட்டுப்படுத்துவதற்காகச் சேர்க்கப்படும் இரசாயனம் தீர்ந்துவிட்டால், வெப்பம் பெருகி மருந்து தானே தீப்பற்றக்கூடும். ஆகையால், பழைய தோட்டாக்களையும் குண்டுகளையும் என்றென்றும் அடுக்கி வைத்திருக்க முடியாது. பிரித்தழித்தே ஆக வேண்டும். அப்பணியை யார், எவ்வாறு செய்கின்றனர் என்பதே இங்கு முக்கியமான வினாவாகும்.

அல்பேனியா இவ்வினாவுக்குப் பெரும் விலை கொடுத்தது. கம்யூனிச ஆட்சிக் காலத்தில் அந்நாடு குவித்து வைத்திருந்த வெடிபொருட்களைப் பிரிக்கும் பணி, தலைநகர் டிரானாவுக்கு அருகிலுள்ள கெர்டெச் கிராமத்தில் ஒப்பந்த அடிப்படையில் நடைபெற்றது. பித்தளைக்கு நல்ல விலை இருந்தது. அயற்கிராமங்களைச் சேர்ந்த பெண்கள் உட்பட, போதிய பயிற்சியற்ற பலர் அங்கு வேலைக்கு அமர்த்தப்பட்டனர். 2008 மார்ச் 15 ஆம் திகதி நிகழ்ந்த வெடிவிபத்தில் 26 பேர் உயிரிழந்தனர்; சுமார் 300 பேர் காயமடைந்தனர். நூற்றுக்கணக்கான வீடுகள் அழிந்தன. பாதுகாப்பு அமைச்சர் பதவி விலக நேர்ந்தது.

இது தொலைதூர நாடொன்றின் கதை மாத்திரமன்று. 2016 ஜூன் 5 ஆம் திகதி, கொஸ்கம சாலாவ இராணுவ முகாமின் வெடிபொருட் களஞ்சியம் வெடித்துச் சிதறியபோது, அயலிலிருந்த ஆயிரக்கணக்கான மக்கள் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. வன்னியிலோ, போர் முடிந்த பின்னரும், பழைய இரும்பு சேகரிக்கச் சென்றோர் வெடிக்காத குண்டுகளுக்குப் பலியாகியுள்ளனர்.

உலோகத்தின் விலை கண்ணுக்குத் தெரிகின்றது. அதனுள்ளிருக்கும் மருந்தின் வயது தெரிவதில்லை. ஆதலால், பழைய வெடிபொருட்களைப் பிரிக்கும் பணி, இலாப நோக்குக்கோ வறியவர்களின் நாட்கூலிக்கோ விடப்படலாகாது. பயிற்சி பெற்ற துறையினரால், குடியிருப்புகளுக்கு அப்பால், கண்காணிப்புடன் அது மேற்கொள்ளப்படுவதை உறுதிசெய்வது அரசுகளின் தட்டிக்கழிக்க முடியாத கடமையாகும்.