பைலட் ஆக ஆசையா? முதலில் கணக்குப் பாருங்கள்!

விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறை வன்னியில் இன்னும் இருக்கிறது. அதே வன்னியில், வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ இன்று ஒரு பிள்ளை வானத்தை அண்ணாந்து பார்த்து, “வாப்பா, நானும் பைலட் ஆகப் போறன்” என்று சொன்னால் எப்படி இருக்கும்? கேட்டுச் சிரித்துவிடாதீர்கள். அதற்காக மறுநாளே காணி உறுதியை அடகு வைக்கவும் ஓடாதீர்கள்.

முதலில் தகுதியைப் பாருங்கள். வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் பெற 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். சர்வதேச விதிப்படி பொதுவாக 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழும் ஆங்கிலத் தேர்ச்சியும் அவசியம். அதன் பிறகும், ஓட்டப் போகும் விமான வகைக்கென்று தனிப் பயிற்சி உண்டு. கேப்டனாக உயர்வதற்கான அனுமதிப்பத்திரத்துக்கு 1500 மணி நேரம் வேண்டும். அந்த மணிகளைச் சேர்க்கப் பலருக்கு முதற்படியாக இருப்பவை, குறுந்தூரம் பறக்கும் சிறு விமான சேவைகளே.

அந்த வேலை எவ்வளவு நிலையானது? தூரம் போக வேண்டாம், பலாலியைப் பாருங்கள். 2019 ஒக்டோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமானது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து ஏ.டி.ஆர். விமானத்தை இயக்கத் தொடங்கியது. சில மாதங்களிலேயே கொரோனாவால் அச்சேவை நின்றது. மீண்டும் தொடங்கியது 2022 டிசம்பரில்தான். அக்காலத்தில் உலகெங்கும் விமானிகள் பலர் வேலையையோ ஊதியத்தின் ஒரு பகுதியையோ இழந்தார்கள்.

சரி, சம்பளம்? அமெரிக்காவில் 2009இல் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அந்த விசாரணையில்தான் சிறு விமான சேவைகளின் விமானிகள் படும் களைப்பும், பெறும் சொற்ப ஊதியமும் உலகுக்குத் தெரிந்தன. 2013இல் அங்கே துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணி நேரம் தேவை என்று விதி வந்தது. பின்னர் ஆள் தட்டுப்பாடு ஏற்படவே, 2022இல் சில நிறுவனங்கள் ஆரம்ப ஊதியத்தை மணிக்கு 90 டொலராக உயர்த்தின. ஆனால் அங்கே மணி என்பது பெரும்பாலும் விமானம் இயங்கும் நேரம் மட்டுமே. விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரம் அதில் சேராது.

ஆகவே பெற்றோர்களே, பயிற்சிக் கட்டணம் கட்டுமுன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறக்குருடு போன்ற ஒரு குறையே கனவை நிறுத்திவிடலாம். வெளிநாட்டில் படிப்பதானால், அந்த அனுமதிப்பத்திரத்தை இங்கே மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் நேரில் கேளுங்கள். “வேலை நிச்சயம்” என்று சொல்பவரிடம் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். உயர்தரத்தில் கணிதமும் பௌதிகமும் நன்றாகப் படிக்கட்டும். பறக்க முடியாவிட்டாலும் அந்தப் படிப்பு கைகொடுக்கும். மகளுக்கு ஆசை என்றாலும் இதே கணக்குத்தான்.

வட்டிக் கடனில் ஏறும் விமானம், பிள்ளை வேலை தேடும் காலத்தில் குடும்பத்தையே கீழே தள்ளிவிடக் கூடும். பிள்ளை பறக்கட்டும்; வீடு தரையில் உறுதியாக நிற்கட்டும்!