எஞ்சினுக்கு நாடி பார்க்கும் கருவி

கார் சரியாக இழுக்கவில்லை என்று ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய் விட்டால், பழைய மெக்கானிக் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். முனையில் கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப்போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை. காபிப் பொடி நிறத்தில் இருந்துவிட்டால், “எஞ்சின் நன்றாக இருக்கிறது” என்று திருப்தியுடன் மாட்டிவிடுவார்.

அனுபவசாலியின் கண் பொய் சொல்லாது. ஆனால் ஒரு சங்கடம். பிளக் நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். கார் முழு வேகத்தில் மேடேறும்போது, அந்த நிமிஷத்தில் சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லாது. பெட்ரோல் போதாமல் அந்த வேகத்தில் ஓடினால் உஷ்ணம் ஏறி, ‘நாக்கிங்’ கண்டு, பிஸ்டனின் தலையே உருகி ஓட்டை விழுந்துவிடலாம். பிறகு பிளக்கைப் பார்த்து என்ன பயன்?

ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிய, ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தச் சமநிலையைத்தான் ‘லாம்டா 1’ என்கிறார்கள். ஒன்றுக்கு மேலே போனால் காற்று அதிகம்; கீழே வந்தால் பெட்ரோல் அதிகம். முழு பலமும் வேண்டும்போது 12.5 முதல் 13 வரை வைப்பது வழக்கம். டர்போ எஞ்சினுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகப் பெட்ரோல் கொடுப்பார்கள். சமதரையில் நிதானமாகப் போகும்போது பெட்ரோலைச் சற்றுக் குறைக்கலாம்.

இந்தக் கணக்கைப் புகையிலிருந்தே அறிந்து சொல்வதுதான் ஆக்ஸிஜன் சென்ஸார். ஜெர்மன் விஞ்ஞானி வால்ட்டர் நெர்ன்ஸ்ட் 1889-இல் கண்ட சமன்பாடு இதற்கு அடிப்படை. நன்றாகச் சூடேறிய ஸிர்க்கோனியா என்ற பீங்கானின் இரு பக்கமும் பிராணவாயு வெவ்வேறு அளவில் இருந்தால் மின்னழுத்தம் பிறக்கும். 1976-இல் பாஷ் கம்பெனி தயாரித்த சென்ஸார் வால்வோ கார்களில் ஏறியது.

ஆனால் அந்தச் சாதாரண சென்ஸார் காபியில் சர்க்கரை கூடவா, குறைவா என்று மட்டும் சொல்லும் நாக்கைப் போன்றது. எத்தனை ஸ்பூன் என்று சொல்லாது. அதைச் சொல்வது ‘வைட்பேண்ட்’ சென்ஸார். இதனுள் ஒரு சின்னஞ்சிறு அறை உண்டு. அதற்குள் கசியும் புகை எப்போதும் சமநிலையிலேயே இருக்கும்படி, பிராணவாயுவை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் ஒரு ‘பம்ப்’ வேலை செய்கிறது. அதற்கு எவ்வளவு மின்சாரம் ஆயிற்று என்பதே அளவு!

எதை வாங்குவது?

கடையில் பளபளக்கும் மீட்டரைப் பார்த்து மயங்கக் கூடாது. உள்ளே வரும் சென்ஸார் எது என்று முதலில் கேட்க வேண்டும். டியூனிங் செய்பவர்களிடையே பழக்கமானவை பாஷின் எல்.எஸ்.யூ. 4.2, எல்.எஸ்.யூ. 4.9 என்ற இரண்டும். 4.2-ஐ அவ்வப்போது வெளியே எடுத்து, சுத்தமான காற்றில் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். 4.9-க்குப் பொதுவாக அந்தத் தொல்லை இல்லை. ஒன்றுக்கான கண்ட்ரோலரில் மற்றதை மாட்டினால் கணக்குப் பிசகும். போலிச் சரக்கும் உலவுவதால், நம்பிக்கையான இடத்தில் வாங்குவதே நல்லது.

அடுத்தது, மீட்டர் செய்தியை அனுப்பும் விதம். 5 வோல்ட்டுக்குள் 10 முதல் 20 வரை காட்டும் கருவியில், எர்த் இணைப்பு சரியில்லாமல் 0.1 வோல்ட் பிசகினால் 0.2 தவறு வந்துவிடும். டியூனிங்கில் இது சிறிய தவறல்ல. ‘கேன்’ என்ற டிஜிட்டல் இணைப்பு உள்ள கருவியில் இந்தப் பிழை இல்லை.

மூன்றாவது விஷயம் நமக்கு மிகவும் முக்கியம். இந்தியாவில் இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. அந்தக் கலவைக்கு 14.7 அல்ல, சுமார் 13.5 கிலோ காற்றே போதும். கலப்பில்லாத பெட்ரோலுக்கு ஜெட் வைத்த பழைய கார்புரேட்டர் வண்டி, இதில் பெட்ரோல் போதாமல் ஓடும். மீட்டரோ பழைய பெட்ரோல் கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே லாம்டாவில் காட்டும் கருவியையே வாங்கி, லாம்டாவையே படிப்பது உத்தமம்.

மாட்டுவதிலும் ஒரு நிதானம்

புகைக் குழாயில் 18 மில்லிமீட்டர் மரை கொண்ட வளையத்தை வெல்டிங் செய்து சென்ஸாரைப் பொருத்துவார்கள். டர்போ இருந்தால் அதற்குப் பிறகு, காட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்பு. முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாயில் சேரும் ஈரம் சூடான பீங்கானில் பட்டு விரிசல் கண்டுவிடும். மின்சாரம் கொடுக்காமல் சென்ஸாரைக் குழாயில் விட்டு வண்டி ஓட்டினாலும் கரி பிடித்துக் கெடும். ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோலும், ஸிலிக்கோன் பசையும் அதற்கு விஷம்.

எல்லாம் சரியாக மாட்டியும் மீட்டர் ஏமாற்றலாம். புகைக் குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து, பெட்ரோல் குறைவு என்று காட்டும். ஒரு சிலிண்டர் எரியாமல் போனாலும் அப்படியே. எரியாத காற்றிலுள்ள பிராணவாயுவைத்தானே அது மோப்பம் பிடிக்கிறது! அதை நம்பி மேலும் மேலும் பெட்ரோலைக் கூட்டினால், சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைப் பெட்ரோல் கழுவிவிடும். எஞ்சின் தேய்ந்து, செலவு ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும்.

நாடி பிடித்துப் பார்த்தவுடனே மருந்து எழுதிவிடுகிற வைத்தியரை யாரும் நம்புவதில்லை. நாக்கை நீட்டச் சொல்லி, கண்ணையும் பார்த்துத்தான் முடிவு சொல்கிறார். எஞ்சினுக்கும் அதுவே முறை. புதிய மீட்டரை வாங்கி மாட்டிய பிறகும், அந்தப் பழைய பிளக் ஸ்பேனரைத் தூர எறிந்துவிட வேண்டாம்!