பிடியரிசியும் பவுலடியாரின் ‘லொகேயா’வும்

உலர் உணவு அட்டையோடு வரிசையில் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. 1990இலும், 2004 சுனாமியிலும், 2007இலும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். வேளாண்மை செய்து நாலு பேருக்குச் சோறு போட்ட குடும்பங்கள் ‘பயனாளிகள்’ எனப் பதியப்பட்டன. அந்தப் பெயர் நம் மனதிலும் பதிந்துவிடலாகாது.

ஆதித் திருச்சபையில் ‘லொகேயா’ என்றொரு கிரேக்கச் சொல் வழங்கியது. தண்டல், சேகரிப்பு என்பது அதன் பொருள். புதிய ஏற்பாட்டில், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 16ஆம் அதிகாரத்தில் மட்டுமே அது வருகிறது. எகிப்தில் கிடைத்த பானை ஓடுகளிலும் அதே சொல் உண்டு. கோயிலுக்குத் தண்டிய காசுக்கு அக்காலத்தில் ஓட்டுத்துண்டில் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்!

எருசலேமின் ஏழைகளுக்காகக் கி.பி. 50களில் பவுலடியார் நடத்திய தண்டலில் மூன்று ஒழுங்குகளைக் காண்கிறோம்.

சிறுகச் சேர்த்தல்: வாரத்தின் முதல் நாளில் அவரவர் வருவாய்க்கு ஏற்றதை ஒதுக்கி வைக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓடித் திரிந்து தண்டுவதைப் பவுல் விரும்பவில்லை.

ஏழையும் கொடுத்தல்: மாசிதோனியர் கடும் வறுமையில் இருந்தவர்கள். ஆனாலும் தங்களையும் சேர்க்கும்படி அவர்களே வேண்டிக்கொண்டார்கள். இன்று கொடுப்பவருக்கு நாளை குறை வரலாம். ஆகவே இது பிச்சையல்ல, சமத்துவம்.

கணக்கு: பணத்தைப் பவுல் தம் கையில் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. கொண்டு செல்பவர்களைக் கொரிந்தியரே தெரிவு செய்யச் சொன்னார். தீத்துவோடு வேறு இரு சகோதரரையும் அனுப்பினார். யாரும் பழி சொல்ல இடமிருக்கக் கூடாது என்பதே காரணம்.

இவை நமக்கு அந்நியமானவை அல்ல. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை வேறு பானையில் இடும் பிடியரிசி வழக்கத்தை நம் தாய்மார் அறிவார்கள். இந்தியாவின் மிசோரம் மலைநாட்டில் 1910இல் கிறிஸ்தவப் பெண்கள் இதையே தொடங்கினார்கள்; அது இன்றும் அங்குள்ள திருச்சபைப் பணிகளைத் தாங்குகிறது.

கணக்குப் பார்ப்போம். ஒரு பிடி 40 கிராம் என்று வைத்தால், 30 குடும்பங்கள் 30 நாளில் சேர்ப்பது 36 கிலோ. பிள்ளைப்பேறு நடந்த வீட்டுக்கும், சாவீட்டுக்கும், கூலி கிடைக்காத விதவைத் தாய்க்கும் அது பெரிய ஆறுதல்.

ஆனால் அளப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், சாவி வைத்திருப்பவர் இன்னொருவராக இருக்கட்டும். மாதம் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் கணக்கு வாசிக்கப்படட்டும். கணக்கில்லாத இடத்தில் சந்தேகம் முளைக்கும். சந்தேகம் முளைத்த சங்கம் நிலைக்காது.

நிவாரணத்தையும், இழந்த காணியையும் உரிமையோடு கேட்போம். பிடியரிசி அவற்றுக்கு மாற்றாகாது. ஆனால் கேட்கும் கைகளே கொடுக்கும் கைகளாகவும் இருந்தால், நாம் வெறும் பட்டியலாக அல்ல, ஓர் ஊராக நின்று கேட்கலாம்.