கேம்பல் பே ஊராட்சி

பஞ்சாபியர், மராட்டியர், ஆந்திரர், மலையாளிகள், தமிழர் ஆகிய பலரும் ஒரே ஊர்ச்சபையில் கூடி, தம் ஊர்க் கிணற்றையும் சாலையையும் பற்றி இந்தியில் வழக்காடும் காட்சியைக் காண வேண்டுமாயின், பெரிய நிக்கோபார்த் தீவின் கிழக்குக் கரையிலுள்ள கேம்பல் பேக்குச் செல்லவேண்டும். முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டில் வரும் மாநக்கவாரம் என்பது நிக்கோபாரே என்பர் ஆராய்ச்சியாளர். அப்பழம்பெருமை அவ்வளவில் நிற்க. இன்று அங்கு வாழும் தமிழருள் பலர், இந்தியப் படையிலிருந்து ஓய்வு பெற்றுக் குடியேறியவர்களின் வழிவந்தோர்.

1969ஆம் ஆண்டு தொடங்கி 1980 வரை, முன்னாள் படைவீரர் குடும்பங்கள் ஏறக்குறைய 330 அத்தீவில் குடியமர்த்தப்பெற்றன. காடு திருத்திக் கழனியும் தென்னந்தோப்பும் ஆக்கினர். கேம்பல் பே, கோவிந்த நகர், ஜோகிந்தர் நகர், விஜய நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என ஏழு ஊர்கள் கடற்கரையோரமாக எழுந்தன. இவ்வேழு ஊர்களையும் கேம்பல் பே, கோவிந்த நகர், லட்சுமி நகர் என்னும் மூன்று கிராமப் பஞ்சாயத்துகள் ஆள்கின்றன.

இப்பஞ்சாயத்துகளுக்கு அடிப்படை 1994ஆம் ஆண்டின் அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் பஞ்சாயத்து ஒழுங்குமுறையாகும். வாக்காளர் தம் வட்டத்து உறுப்பினரையும், பிரதான் எனப்படும் தலைவரையும் நேரே தேர்ந்தெடுக்கின்றனர். பதவிக்காலம் ஐந்தாண்டு. மூன்றிலொரு பங்குக்குக் குறையாத இடங்கள் பெண்களுக்குரியவை. இவற்றிற்கு மேலே பஞ்சாயத்து சமிதி உண்டு. அதற்கும் மேலே ஜில்லா பரிஷத்.

இதில் என்ன புதுமை, எங்கள் மாநிலத்திலும் இவை உள்ளனவே என்று நேயர்கள் வினவலாம். அந்தமான் நிக்கோபாருக்குச் சட்டமன்றம் இல்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். முழுத் தீவுக்கூட்டத்துக்கும் மக்களவையில் ஓர் உறுப்பினரே உளர். ஆகவே, தலைநகரிலிருந்து கடல்வழி 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள கேம்பல் பே வாசிக்கு, எட்டிப் பிடிக்கத்தக்க மக்கள் பிரதிநிதி பிரதான் ஒருவரே. தெருவிளக்கு எரியாவிடினும் அவரிடந்தான் செல்லவேண்டும். நிலம் பறிபோகும் என அஞ்சினும் அவரிடந்தான்.

கிராம சபையில் யார் உறுப்பினர்? அவ்வூர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும். பிழைப்புக்காகப் பின்னர் வந்தவராயினும் பட்டியலில் இடம்பெற்றால் முழு உரிமை உண்டு. சொந்த ஊர்ப் பட்டியலிலேயே பெயரை வைத்துக்கொண்டிருப்பவர், எத்தனை ஆண்டு அங்கு வாழ்ந்தாலும் சபையின் கணக்கில் சேரார். பம்பாயிலும் தில்லியிலும் வாழும் நம்மவர் பலருக்கும் இந்நிலை புதிதன்று.

இத்தீவிலேயே மற்றோர் ஆட்சிமுறையும் உண்டு. நிக்கோபாரிகளின் ஊர்கள் பஞ்சாயத்துக்கு உட்பட்டவை அல்ல. அவர்களுக்குக் கேப்டன் எனப்படும் ஊர்த்தலைவரும், பழங்குடி மன்றமும் உள்ளனர். அடர்ந்த காட்டினுள் வாழும் ஷோம்பென் மக்களோ தேர்தல்களிலிருந்து பெரிதும் ஒதுங்கியே வாழ்பவர்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இரு சாராரையும் ஒருங்கே தாக்கிற்று. தென்முனையான இந்திரா முனையில் நிலமே ஏறத்தாழ நான்கு மீட்டர் தாழ்ந்தது. தெற்கு நோக்கிய சாலை துண்டுபட்டது. மேற்குக் கரையிலும் தெற்கிலும் வாழ்ந்த நிக்கோபாரிகள் கேம்பல் பே அருகே ராஜீவ் நகர் முதலிய குடியிருப்புகளுக்குப் பெயர்க்கப்பட்டனர். தம் மூதாதையர் ஊர்களுக்கு மீள விடவேண்டும் என்பது அன்று முதல் அவர்கள் கோரிக்கை.

இப்பொழுது வந்திருப்பது மற்றொரு சோதனை. கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், அதனுடன் விமான நிலையம், மின்நிலையம், புதுநகர் ஆகியன அமைக்க 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. ஏறக்குறைய 130 சதுர கிலோமீட்டர் காடு இதற்கு வேண்டப்படுகிறது. அவ்வாண்டு நவம்பரிலேயே, முன்னர்த் தந்த இசைவைப் பழங்குடி மன்றம் திரும்பப் பெற்றுக்கொண்டது. விமான நிலையத்துக்கு வேண்டிய நிலத்தின் ஒரு பகுதியோ, காந்தி நகர், சாஸ்திரி நகர் முதலிய குடியேற்ற ஊர்களில் உள்ளது.

அந்நிலத்தின் வகையில் பஞ்சாயத்தின் அதிகாரம் யாது? 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின்படி, சமூக விளைவு ஆய்வுக்கு முன் அரசு உரிய பஞ்சாயத்தைக் கலந்துகொள்ள வேண்டும், பொதுவிசாரணையும் நடத்தவேண்டும். தனியார் திட்டமாயின் பாதிக்கப்படும் குடும்பங்களுள் நூற்றுக்கு எண்பது, அரசும் தனியாரும் கூடிய திட்டமாயின் எழுபது இசையவேண்டும். அரசு தன் பயனுக்கே எடுப்பதாயின் இவ்விசைவு வேண்டப்படுவதில்லை. எனவே பஞ்சாயத்துக்கு உள்ளது சொல்லும் உரிமையே, தடுக்கும் உரிமையன்று. ஆயினும் அச்சொல்லை எளிதாக எண்ணலாகாது என்பது எம் கருத்து. பயிரின் மதிப்பு, மாற்றுநிலம் இருக்குமிடம், இழப்பீட்டின் அளவு ஆகியவற்றைப் பற்றி ஊரார் கூறுவன விசாரணைப் பதிவேட்டில் ஏறுகின்றன. பின்னர் நீதிமன்றம் செல்வோர்க்கு அப்பதிவே சான்றாகும். காடு திருத்தி நிலம் பெற்ற முதியோருட் சிலர், இரண்டாம் முறையும் தம் நிலத்தின் எல்லையை அளந்து காட்டவேண்டியவராய் நிற்கின்றனர்.